பழைய காரின் எஞ்சினில் கடகட சத்தம்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் மறுபடியும் திறந்துவிட்டார்கள். ஆனால் வரியோடு சேர்ந்த விலையைக் கேட்ட பலர் இருக்கிற காரையே திருத்தி ஓட்டுவோம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். அதனால் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் இருபது, இருபத்தைந்து வயதுக் கார்கள் இன்னும் தாராளமாக ஓடுகின்றன. சத்தமும் போடுகின்றன. கீழே இருப்பது அப்படிப்பட்ட பெற்றோல் கார்களுக்கான கேள்வி பதில். டீசல் எஞ்சின் பிறவியிலேயே தட்டும். அதற்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

எஞ்சினில் திடீரென்று கடகட என்று சத்தம். முதலில் எதைப் பார்ப்பது?

ஒயிலை. வேறு எதையும் தொடுவதற்கு முன் ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். காரைச் சமதரையில் விட்டு, எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடமாவது பொறுங்கள். கம்பியைத் துடைத்து, மறுபடி முழுவதும் உள்ளே விட்டு எடுங்கள். ஒயில் இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ்க்குறிக்கும் கீழே என்றால் கடைசி ஒயில் போட்ட போத்தலின் அதே வகையை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேல்குறியைத் தாண்டாமல் நிறுத்துங்கள். பழைய எஞ்சின் ஒயில் குடிக்கும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமலேயே இரண்டு சேர்விசுக்கு நடுவில் ஒரு லீற்றர் குறைந்துபோகும் கார்கள் நிறைய உண்டு. ஒயில் ஊற்றியதும் சத்தம் நின்றுவிட்டால் அதிர்ஷ்டம்தான். ஆனால் அது ஏன் குறைந்தது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

டாஷ்போர்டில் சிவப்பு ஒயில் லைட் எரிந்தால் கதையே வேறு. அந்த லைட் ஒயில் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. அது எரியும்போது அழுத்தம் ஏறத்தாழ இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'அடுத்த சந்திவரைக்கும் போவோம்' என்ற பேச்சே வேண்டாம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.

கராஜில் பாஸ் (மெக்கானிக்) 'எப்போது சத்தம் வருகிறது' என்று கேட்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லையே?

அவர் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் பழுதைக் காட்டிக்கொடுக்கும். நீங்கள் 'டக்டக்' என்பதை உங்கள் மனைவி 'கிரிகிரி' என்பார். இருவரும் ஒரே சத்தத்தைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் 'காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

கராஜுக்குப் போகும் முன் இரண்டு நாள் கவனித்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? சும்மா நிற்கும்போதா, அக்சிலரேட்டர் மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா? ஏசி போட்டால் மாறுகிறதா? ஆட்டோ கியர் என்றால் டி-யிலும் என்-னிலும் ஒரே மாதிரியா? மெனுவல் என்றால் கிளச்சை மிதித்ததும் நிற்கிறதா? கிளச்சை மிதித்தால் மாறும் சத்தம் கிளச் பெயரிங் அல்லது கியர்பெட்டிப் பக்கம். எஞ்சினைக் குற்றம் சொல்ல வேண்டாம். கடைசியாக, நிறுத்தி வைத்து எஞ்சினை ரேஸ் பண்ணினால் வருகிறதா, அல்லது ஓடும்போது மட்டும்தானா? ஓடும்போது மட்டும், அதுவும் பள்ளத்தில் விழும்போது வருகிறதென்றால் நீங்கள் தேடுவது எஞ்சின் பழுதே இல்லை. ஷொக் அப்சோர்பர், ஸ்டபிலைசர் லிங்க் பக்கம் பாருங்கள்.

காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் இரண்டு மூன்று வினாடி கரகர என்கிறது, பிறகு ஒன்றும் இல்லை. விட்டுவிடலாமா?

அதிகம் பேர் கேட்பது இதுதான். அதிகம் பேர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

இரவு முழுக்க நின்ற எஞ்சினில் ஒயில் எல்லாம் கீழே சம்பில், அதாவது அடியில் உள்ள ஒயில் தொட்டியில், வடிந்திருக்கும். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைப் பிஸ்டன்கள் சுற்றும் கிராங் தண்டோடு இணைப்பது டைமிங் செயின். அதை இறுக்கிப் பிடிப்பது டென்ஷனர். அதன் உள்ளே இருக்கும் பிஸ்டனை வெளியே தள்ளுவது ஒயில் அழுத்தம். ஸ்டார்ட் ஆகி அழுத்தம் வந்து சேரும்வரை செயின் தளர்ந்து, பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கைட்டிலும் கவரிலும் அடிக்கும். அதுதான் அந்தக் கரகர. புது எஞ்சினில் டென்ஷனரின் பற்கள் செயினைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய எஞ்சினில் செயினின் ஒவ்வொரு பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மொத்த நீளம் கூடியிருக்கும். டென்ஷனர் எட்டக்கூடிய எல்லைவரை எட்டியிருக்கும்.

செயினுக்குப் போகும் முன் மலிவான சந்தேகம் ஒன்று உண்டு: ஒயில் ஃபில்டர். நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும்; எஞ்சின் நின்றதும் ஒயில் பின்னோக்கி வடியாமல் அது தடுக்கும். தரமில்லாத ஃபில்டரில் அந்த ரப்பர் கல் மாதிரி இறுகிப்போயிருக்கும், அல்லது பேருக்கு ஒன்று இருக்கும். பிராண்ட் பெயர் அச்சடித்த போலிப் பெட்டிகளும் சந்தையில் உலவுகின்றன. சத்தம் ஒரு சேர்விசுக்குப் பிறகுதான் ஆரம்பித்தது என்றால், வேறு இடத்தில் நம்பகமான ஃபில்டர் வாங்கி மாற்றிப் பாருங்கள். சில எஞ்சின்களில் அதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

ஃபில்டர் மாற்றியும் சத்தம் இருக்கிறதா? கொஞ்ச நாளில் மூன்று வினாடி பத்தாகிறதா? சூடான எஞ்சினிலும் நிமிடத்துக்கு 1500, 2000 சுற்றில் முன்பக்கக் கவரிலிருந்து சலசல என்று கேட்கிறதா? அப்படியென்றால் செயின் செட் போடும் நேரம் வந்துவிட்டது. செட் என்றால் செயின், டென்ஷனர், கைட்டுகள், தேய்ந்திருந்தால் பல்சக்கரங்களும். செயினை மட்டும் மாற்றிப் பழைய டென்ஷனரையே விடுவது கூலியை இரண்டு முறை கட்டும் வழி. விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் முறை) உள்ள எஞ்சின்களில் கேம் முனையில் இருக்கும் விவிடி கியரின் பூட்டுப் பின் தேய்ந்தாலும் இதே மாதிரி ஸ்டார்ட் சத்தம் வரும். கவரைத் திறக்கும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

விட்டால் என்ன ஆகும்? செயின் ஒரு பல் தாவினால் எஞ்சின் இழுவை போகும். நன்றாகத் தாவினால் பிஸ்டன் வால்வில் அடித்து வால்வு வளையும். அப்போது பில்லைப் பார்த்து நாம்தான் சத்தம் போடுவோம்.

என் காரில் செயினா, பெல்ட்டா?

121 கொரோலா, எஃப்.பி. 14, எஃப்.பி. 15 சன்னி, நிசான் மார்ச், விட்ஸ் எல்லாம் பெற்றோல் எஞ்சினில் செயின். 14-இன் ஜிஏ எஞ்சினில் மேலொன்று கீழொன்றாக இரண்டு செயின். 5ஏ எஞ்சின் போட்ட 110 கொரோலா, ஸ்டார்லட், 4ஜி15 லான்சர், டி15பி போட்ட சிவிக், மாருதி 800 எல்லாம் பெல்ட். பெல்ட் கரகரக்காது, சொல்லாமல் கொள்ளாமல் அறும். பெல்ட் காரில் முன்பக்கச் சத்தம் என்றால் டென்ஷனர் பெயரிங்கையும் வோட்டர் பம்ப்பையும் சந்தேகப்படுங்கள்.

சூடான பிறகுதான் சத்தம். ஆழமாக டொக்... டொக்... என்கிறது. எவ்வளவு பயப்பட வேண்டும்?

நிறையவே. குளிரில் கேட்டுச் சூட்டில் போகும் சத்தத்தோடு கொஞ்சக் காலம் குடித்தனம் நடத்தலாம். சூட்டில் வந்து நாளுக்கு நாள் கூடும் சத்தத்தோடு முடியாது. ஒயில் சூடாகி மெலிந்ததும் பிக் எண்ட் பெயரிங்கின் தேய்மானம் வெளியே தெரிகிறது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட் அந்தப் பெயரிங் இருக்கும் முனையில் தளர்ந்து ஒவ்வொரு சுற்றிலும் அடிக்கிறது.

இதைக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நின்ற இடத்தில் 2000 முதல் 2500 சுற்றுவரை மெதுவாக ஏற்றிப் பிடியுங்கள். பிறகு சட்டென்று காலை எடுங்கள். சுற்று இறங்கும்போது கீழேயிருந்து டொக்டொக் என்று தெளிவாகக் கேட்டால் பெயரிங் சந்தேகம் பலமாகிறது. அடுத்து ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பது. இன்ஜெக்டரின் பிளக்கைக் கழற்றினால் அந்தச் சிலிண்டருக்குப் பெற்றோல் போகாது. வெடிப்பு இல்லாததால் அந்த ரொட்டில் சுமை குறைந்து சத்தமும் அமுங்கும். எந்தச் சிலிண்டரில் அமுங்குகிறதோ அதுதான் குற்றவாளி. டெப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) சத்தமென்றால் இந்தச் சோதனையில் மாறாது. சில பாஸ்மார் ஸ்பார்க் பிளக் வயரையே இழுத்துவிடுவார்கள். அதில் இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட். எரியாத பெற்றோலும் புகைக்குழாய் வழியாகப் போய், புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும். இன்ஜெக்டர் வழிதான் எனக்குப் பிடித்தது, அதையும் சில வினாடிகளுக்கு மேல் நீட்ட வேண்டாம். எஞ்சின் லைட் எரிந்தால் பயப்படாதீர்கள், அழித்துவிடலாம்.

எஞ்சினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளும் முன் இன்னும் இரண்டு சாட்சிகளைக் கேளுங்கள். ஒன்று, அழுத்தமானி. ஒயில் லைட் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மானியைப் பூட்டி, சூடான எஞ்சினில் பார்க்க வேண்டும். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு. சரியான அளவு உங்கள் எஞ்சினின் மெனுவலில் இருக்கும். இரண்டாவது, பழைய ஒயில். அதை வெள்ளைப் பிளாஸ்டிக் பேசினில் வடியவிட்டு வெயிலில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு ஒயிலின் மேல் வெள்ளிப் பொடி மினுங்கினால், அதற்குள் செம்பு நிறமும் தெரிந்தால், பெயரிங் கரைந்துகொண்டிருக்கிறது. ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புக் காகிதத்தை விரித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். இந்தப் பேசினைப் பார்த்த பிறகு யாரும் உங்களை ஏமாற்ற முடியாது, எந்தப் பக்கமும்.

பேசின் சுத்தம், அழுத்தமும் சரி, சத்தம் மட்டும் பெயரிங் மாதிரியே இருக்கிறதா? ஆட்டோ கியர் காரென்றால் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் இருக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தகட்டில் வெடிப்பு விழுந்தாலும், டோர்க் கொன்வேர்ட்டர் போல்ட் தளர்ந்தாலும் அப்படியே பெயரிங் சத்தம் வரும். பி-யிலிருந்து டி-க்கு மாற்றும்போது சத்தம் மாறினால் சந்தேகம் இதன் மேல்தான். இதைப் பார்க்காமல் எஞ்சினைப் பிரிப்பது பெரிய அநியாயம்.

மேலேயிருந்து மெல்லிய டிக்டிக். டெப்பட் செட் பண்ணினால் போகுமா?

போகலாம். கேம் சுற்றுவது கிராங்கின் பாதி வேகத்தில். எஞ்சின் 800 சுற்றில் நிற்கும்போது ஒரு வால்வு வினாடிக்கு ஆறு ஏழு முறைதான் தட்டும். டிக் சத்தம் எஞ்சின் ஓட்டத்தைவிட மெதுவாக, எண்ணிவிடலாம் போலக் கேட்டால் அது வால்வுப் பக்கம். மாருதி 800, பழைய சிவிக் போன்றவற்றில் ஸ்க்ரூவைத் திருப்பி அரை நாளில் செட் பண்ணிவிடலாம். 121-இன் 1என்இசட் எஞ்சினில் ஸ்க்ரூ கிடையாது. குளிர்ந்த எஞ்சினில் இன்லெட் 0.15 முதல் 0.25 மில்லிமீற்றர், எக்ஸோஸ்ட் 0.25 முதல் 0.35 வரை இடைவெளி இருக்க வேண்டும். தவறினால் அளவுக்கேற்ற லிஃப்டர் போட வேண்டும், அதற்குக் கேமைக் கழற்ற வேண்டும். ஆகவே முதலில் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். டிக் என்றதும் அளக்காமல் திறக்க வேண்டாம்.

இன்ஜெக்டர்கள் இயல்பாகவே டிக்டிக் என்னும், அது நோயில்லை. எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட் கேஸ்கட் ஊதினாலும் டெப்பட் மாதிரியே கேட்கும். குளிரில் கூடுதலாக, இரும்பு சூடாகி விரிந்ததும் குறைவாக. இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருந்தால் விஷயம் அதுதான்.

கொழும்பில் ஒன்றுமில்லை. கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் மட்டும் கிணிகிணி என்கிறது.

சுமையில், சூட்டில், ஏற்றத்தில் வருவது நொக்கிங். ஸ்பார்க் மூட்டிய தீ வந்து சேரும்வரை காத்திராமல் சிலிண்டரின் ஒரு மூலையில் மிஞ்சிய கலவை தானாகவே வெடிக்கிறது. நம்மாட்கள் உடனே 95 ஒக்டேன் அடிப்பார்கள். சத்தம் குறையும், அதனால் 92 பெற்றோல்தான் பிழை என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஜப்பானில் ரெகுலர் பெற்றோலின் குறைந்தபட்ச ஒக்டேனே 89 தான். அங்கே ரெகுலரில் ஓடுவதற்காகச் செய்த கார் இங்கே 92-இல் கிணிகிணிக்கிறதென்றால் காரில் ஏதோ மாறியிருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள கார்களில் இக்னிஷன் டைமிங் முன்னால் போயிருக்கும். யாரோ 'பிக்கப்' வரட்டும் என்று திருப்பியிருப்பார்கள். டைமிங் லைட் வைத்துச் சரிபார்ப்பது சில நிமிட வேலை. அது சரியென்றால் சிலிண்டரில் கரி, அடைத்துப்போன ஈஜிஆர் (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வால்வு), தவறான வெப்ப அளவில் ஸ்பார்க் பிளக், பாதி அடைத்த ரேடியேட்டர், வேலை செய்யாத நொக் சென்சர் என்று பார்த்துக்கொண்டே போகலாம். எஞ்சின் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகிறதென்றால் அங்கிருந்து ஆரம்பியுங்கள். மெனுவல் கார் ஓட்டுபவர்கள் ஏற்றத்தில் நாலாம் கியரிலேயே இழுக்காமல் மூன்றுக்கு இறங்கிப் பாருங்கள். பாதிச் சத்தம் ஓட்டும் முறையிலேயே இருக்கிறது.

ஏசி போட்டு காலி வீதி நெரிசலில் நிற்கும்போது கார் முழுக்க நடுங்கிக் கடகடக்கிறது.

எஞ்சின் மவுண்ட். ரப்பர் கிழிந்திருக்கும், அல்லது உள்ளே இருந்த திரவம் ஒழுகியிருக்கும். பொனட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் அழுத்திப் பிடித்தபடி ஒருவர் டி, ஆர் என்று மாற்றட்டும். மற்றவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும், காருக்கு முன்னால் அல்ல. எஞ்சின் எழும்பிக் குதித்தால் மவுண்ட் போய்விட்டது. ஏசி போடும்போது ஐட்லிங் குறைந்துபோனாலும் இதே நடுக்கம் வரும். த்ரொட்டில் பொடியைச் சுத்தம் பண்ணினாலே சில கார்கள் அடங்கிவிடும்.

நடுக்கம் இல்லாமல் ஏசி ஒன் பண்ணிய நொடியில் கர்ர் என்று தொடங்கி, ஓஃப் பண்ணியதும் நின்றால் கொம்ப்ரசர் அல்லது அதன் கிளச். ஏசி ஓஃபில் இருக்கும்போது கர்ர் என்று கேட்டு, ஒன் பண்ணியதும் நின்றால் கொம்ப்ரசர் புலியின் பெயரிங். பெயரிங் மட்டும் மாற்றலாம். முழுக் கொம்ப்ரசரும் போய்விட்டது என்று சொல்பவரிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் பாருங்கள்.

சீட்டுக்குக் கீழேயிருந்து தகரச் சத்தம், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும்.

பெரும்பாலும் ஹீட் ஷீல்ட். சைலன்சர் சூடு காரின் அடித்தட்டுக்கு ஏறாமல் தடுக்கும் மெல்லிய தகடு அது. கடல் காற்றுப்படும் வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்கம் நிறுத்தும் கார்களில் போல்ட்டைச் சுற்றியுள்ள தகடு முதலில் துருப்பிடித்து ஓட்டை பெரிதாகும். பிறகு போல்ட் இருக்கும், பிடி இருக்காது. கார் நன்றாகக் குளிர்ந்த பிறகு கையால் தட்டினாலே தெரியும். பெரிய ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் போதும். கழற்றி எறிந்துவிடலாம் என்று ஒரு யோசனை சொல்வார்கள், கேட்க வேண்டாம். மேலே கார்ப்பெட்டும் வயரும் பெற்றோல் குழாயும் இருக்கின்றன.

தட்டும்போது சத்தம் தகட்டிலிருந்து வராமல் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள் கல் போட்ட தகரப் பேணி மாதிரிக் குலுங்கினால் உள்ளே இருக்கும் தேன்கூட்டுச் செரமிக் உடைந்திருக்கிறது. துண்டுகள் நகர்ந்து புகைவழியை அடைத்தால் கார் இழுக்காது.

இடத்தை நானே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு. நீளமான திருப்புளியின் முனையை எஞ்சினின் ஒரு பாகத்தில் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னிருக்கும் எலும்பில் அழுத்துங்கள். வால்வுக் கவர், முன்பக்கச் செயின் கவர், ஒல்டர்னேட்டர், வோட்டர் பம்ப், சம்ப் என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். சத்தம் பிறக்கும் இடத்தில் அது காதுக்குள்ளேயே அடிக்கிற மாதிரிக் கேட்கும். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது. காற்றுக் கசிவுக்கு ஒரு முழ நீள ரப்பர் குழாய் போதும்.

ஃபேன் பெல்ட் பக்கச் சத்தமா என்று தெரிய பெல்ட்டைக் கழற்றி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம். சத்தம் நின்றால் எஞ்சினின் உட்பகுதி தப்பியது. ஆனால் 1என்இசட் போன்றவற்றில் வோட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, அரை நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள்.

சாரம், சால்வை, சேலைத் தலைப்பு, தொங்கும் சங்கிலி எதுவும் ஓடும் எஞ்சினுக்கு மேல் வரக்கூடாது. மின்விசிறி எஞ்சின் அணைந்த பிறகும் தானாகச் சுற்றும். கையை வைத்துப் பழகாதீர்கள்.

கராஜுக்குப் போனால் சத்தம் வரமாட்டேன் என்கிறது. பாஸுக்குத் தமிழும் அவ்வளவாகத் தெரியாது.

ஃபோனில் பதிவு பண்ணுங்கள். பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஸ்டார்ட் பண்ணும் முன்பே பதிவைத் தொடங்குங்கள். டாஷ்போர்டின் சுற்றுமானியையும் ஒரு தடவை காட்டுங்கள். முதல் ஸ்டார்ட் சத்தம் என்றால் முதல்நாள் மாலையே காரைக் கராஜில் விட்டுவிடுவதுதான் சரி. காலையில் பாஸே திறப்பைப் போட்டுக் கேட்கட்டும். நீங்கள் ஓட்டிக்கொண்டு போனால் எஞ்சின் சூடாகிவிடும், சத்தமும் ஒளிந்துகொள்ளும். மொழி பிரச்சினையே இல்லை. இந்த ஊரில் எஞ்சின் சத்தத்தை வாயால் செய்துகாட்டுவதில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

ஸ்கேன் போட்டால் தெரிந்துவிடுமா?

பெரும்பாலும் தெரியாது. தேய்ந்த பெயரிங்கும் தளர்ந்த தகடும் கம்ப்யூட்டருக்குக் கேட்காது. பி0016 என்ற பழுதுக் குறியீடு வந்தால் கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை, செயின் நீண்டிருக்கலாம். பி0325 என்றால் நொக் சென்சர் சுற்று. இந்த இரண்டும் உதவும்.

தடித்த ஒயில் ஊற்றினால் சத்தம் போய்விடும் என்கிறார்களே?

சத்தம் போகும், பழுது போகாது. தேய்ந்த பெயரிங்கின் இடைவெளியை 20டபிள்யூ-50 கொஞ்ச நாள் நிரப்பும். செயின் எஞ்சினில் அது எதிர்வேலை செய்யும். தடித்த ஒயில் டென்ஷனருக்கும் விவிடி துவாரங்களுக்கும் மெதுவாகத்தான் போய்ச் சேரும், காலைச் சத்தம் கூடும். அதேபோல ஹைபிரிட் காருக்கு வாங்கிய 0டபிள்யூ-20 மிச்சமிருக்கிறதென்று பழைய சன்னிக்கு ஊற்றுவதும் சரியில்லை. மெனுவலில் உள்ள தரத்தில் நில்லுங்கள். கொழும்பின் சூட்டில், வயதான எஞ்சினுக்கு, மெனுவல் அனுமதித்தால் 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 பொருத்தம். நெரிசலில் நிற்கும் மணிநேரம் கிலோமீற்றரில் சேராது என்பதால் ஒயில் மாற்றுவதை ஐயாயிரம் கிலோமீற்றருக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.

வருடக்கணக்கில் சரியாக ஒயில் மாற்றாத எஞ்சினுக்கு ஃபிளஷ் (உள்ளே கழுவும் திரவம்) போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் கசடு ஒரேயடியாக உதிர்ந்து ஒயில் பம்ப்பின் வலையை அடைக்கும். சத்தமில்லாத எஞ்சினும் அப்புறம் சத்தம் போடும்.

மழைவெள்ளத்துக்குள் ஓட்டிய பிறகு சத்தம் தொடங்கியது.

நல்ல செய்தி முதலில்: அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரின் கிளிப்புகள் தண்ணீரில் கழன்று, கவர் காற்றில் அடித்துக்கொண்டிருக்கலாம். குனிந்து பார்த்தால் தெரியும்.

கெட்டதைக் கேளுங்கள். காற்று உறிஞ்சும் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போனால், தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் கொன்ரொட் வளையும். வளைந்த ரொட்டோடும் எஞ்சின் ஓடும், சத்தத்தோடும் நடுக்கத்தோடும். சில வாரம் கழித்து அது உடைந்து புளொக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரலாம். ஆகவே வெள்ளத்தில் எஞ்சின் நின்றுபோனால் திறப்பைத் திருப்பவே வேண்டாம். தள்ளி ஓரம் கட்டி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட். ஒயில் கம்பியில் பால்தேநீர் நிறம் தெரிந்தால் ஒயிலையும் மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணக்கூடாது.

பாகங்களைப் பஞ்சிகாவத்தையில் பாவித்ததாக வாங்கலாமா?

எதை என்பதைப் பொறுத்தது. ஒல்டர்னேட்டர், கொம்ப்ரசர், எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட், வால்வுக் கவர் எல்லாம் கையால் சுற்றிப் பார்த்து வாங்கலாம். டைமிங் செயின், டென்ஷனர், பெயரிங், எஞ்சின் மவுண்ட் பாவித்ததாக வாங்கவே கூடாது. தேய்ந்ததைக் கழற்றித் தேய்ந்ததைப் போடக் கூலி கொடுப்பானேன்? மவுண்டின் ரப்பர் கடையில் சும்மா கிடந்தாலும் வயதாகும்.

பெயரிங் போன எஞ்சினைப் பிரித்துக் கிராங் அரைத்துக் கட்டுவதா, ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்றை இறக்குவதா என்பது பெரிய வாக்குவாதம். என் பக்கம் இது: கிராங் அரைக்கும் அளவுக்குக் கெடவில்லை, செய்பவர் அளந்து காட்டுகிறார் என்றால் உங்கள் எஞ்சினையே கட்டுங்கள். மற்றபடி ரீகண்டிஷன் வாங்கினால் சம்ப்பையும் வால்வுக் கவரையும் திறந்து பார்க்க விடும் கடையில் வாங்குங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது; மாற்றத்தை நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாவிட்டால் விற்கும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

வாங்கப்போகும் பழைய காரில் இதை எப்படிப் பிடிப்பது?

சொல்லாமல் காலையில் போங்கள். பொனட்டைத் திறந்து வால்வுக் கவரில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் விற்பவர் உங்களுக்காக எஞ்சினைத் தயார் பண்ணியிருக்கிறார். 'இப்போதுதான் பெற்றோல் செட்டுக்குப் போய்வந்தேன்' என்பார். சரி, பரவாயில்லை, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லித் திரும்புங்கள். ஒயில் கம்பியில் தேன் மாதிரித் தடித்துப் புதிதாக இருக்கும் ஒயிலும் சந்தேகத்துக்குரியது.

வருகிற கிழமை குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போக வேண்டும். இந்தச் சத்தத்தோடு போகலாமா?

கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். ஹீட் ஷீல்ட், மவுண்ட், மெல்லிய டெப்பட் டிக் என்றால் ஒயில் பார்த்துவிட்டுப் போய்வாருங்கள். காலையில் இரண்டு வினாடி செயின் சத்தம், கூடவில்லை என்றால் போகலாம். வந்ததும் வேலையைக் கொடுங்கள். ஏற்றத்தில் மட்டும் கிணிகிணி என்றால் வடக்குப் பாதையில் பெரிய ஏற்றமில்லை, ஆனால் சூட்டுமானியைக் கவனித்துக்கொண்டே ஓட்டுங்கள். கர்ர் என்னும் வோட்டர் பம்ப்போடோ டென்ஷனர் பெயரிங்கோடோ புறப்பட வேண்டாம், அநுராதபுரத்துக்கு அப்பால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாகம் தேடுவது லேசில்லை. சூட்டில் டொக்டொக் என்றால் கேட்டுக்கு வெளியேகூட எடுக்காதீர்கள். கோட்டையிலிருந்து ரயில் இருக்கிறது.